மணிலாவில் வீடு தூக்குகிறவர்கள்

மர்சூக் மணிலாவிலிருந்து வந்து மூன்று வருடமாகியும் இன்னும் மடவளைக்கு முழுதாக வந்து சேரவில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதில் பொய்யில்லை. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தாலும் சரி, பள்ளிவாசல் முற்றத்தில் நின்றாலும் சரி, நாலாவது வசனத்தில் மணிலா வந்துவிடும். பேருவளை ஹாஜியார் ஒருவருடைய கல்லுக்கடையில் பதினோரு வருடம் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்று நீலக்கல்லும் புஷ்பராகமும் விற்றவர் அவர். உலகமெல்லாம் வியாபாரம் படுத்தபோது ஹாஜியார் கடையைப் பூட்டினார், மர்சூக் கப்பலேறினார். கல் ஒன்றும் கொண்டு வரவில்லை. அன்னாசி இலை நாரில் நெய்த, சட்டைப்பையில் மடித்து வைக்கிற கைலேஞ்சி ஒன்றும், அந்த நாட்டு மனிதர்களைப் பற்றிய தீராத ஆச்சரியமும்தான் கொண்டு வந்தார்.

“அன்னாசியத் தின்டுட்டு நாம எலய மாட்டுக்குப் போடுற. அவன் அதுல உடுப்பு நெய்யிறான்” என்பார் கைலேஞ்சியை விரித்துக் காட்டி. “தேங்கா மட்டயப் பாதியா வெட்டிக் காலால தேச்சித் தேச்சிப் பலகத் தரயில மொகம் பாக்கலாம் போல வெக்கிறான். தையல் மெசின்ல சாமான் ஒடஞ்சா, எருமக் கொம்புல செதுக்கிப் போட்டு ஓட்டுறான். எங்கட கடைக் காவக்காரன் பகல்ல காவல் நிண்டுட்டுப் பின்னேரத்துல சட்டம் படிச்சான். நாலு வருசத்துல கோட்டுப் போட்டுக்கொண்டு கோட்டுக்குப் போறான்! விடியக் காலம நாலு மணிக்கி எழும்புவாங்க. வெயில் ஏறினாப் படுப்பாங்க. வெயில் எறங்கினாத் திரும்ப வேல.”

“அதுல அந்தப் படுக்குற வேலய மட்டும் நீங்க நல்லாப் படிச்சிட்டு வந்தீக்கிறீங்க நானா” என்று யாராவது சொல்லுவார்கள். கடையே சிரிக்கும். மர்சூக்குக்குக் கோபம் வராது. அவர் அடுத்த கதைக்குப் போய்விடுவார்.

அடுத்த கதை பெரும்பாலும் வீடு தூக்குகிற கதையாக இருக்கும். அங்கே ஒருவன் இடம் மாற வேண்டுமென்றால் வீட்டைப் பிரிக்க மாட்டானாம். ஊருக்குச் சொல்லி அனுப்புவானாம். முப்பது நாற்பது பேர் மூங்கிலோடு வந்து வீட்டைக் கூரையோடு தோளில் ஏற்றிக்கொண்டு வயலையும் வாய்க்காலையும் தாண்டி நடந்து போய்ப் புது இடத்தில் இறக்கிவைப்பார்களாம். கூலி கிடையாது. சோறு மட்டும்.

மர்சூக்கின் ஒரே தங்கை கைரியாவுக்கு இந்தக் கதைகளில் பிரியம் உண்டு. அவள் புருஷன் நஸீமுக்கு அதைவிட அதிகம். நஸீம் துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டங்களில் கூலிக்காரர்களின் லயம் லயமாக ஏறி இறங்கி வியாபாரம் செய்தவர். பதினைந்து நாளைக்கொருமுறை வந்து, கால் பெருவிரலை எண்ணெய் போட்டு உருவிக்கொண்டே, “நானா, அந்த ஊடு தூக்குற கதயச் சொல்லுங்க” என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம் அந்த நஸீம் மௌத்தானார்.

அது மலேரியாக் காய்ச்சல் வருடம். கண்டியைச் சுற்றி ஒரு வீடு மிச்சமில்லை. பள்ளிக்கூடத்தில் வரிசையில் நிறுத்திக் கொயினா மருந்து கொடுத்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம் வரும், இடைநாளில் மனிதன் எழும்பி நடப்பான். முறைக்காய்ச்சல் என்பார்கள். கட்டுகஸ்தோட்டையில் ஒரு கலியாணம் வந்தபோது நஸீம்தான் கைரியாவைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார். “இண்டைக்கி என்ட முறையில்ல புள்ள. நீங்க போய்ட்டு வாங்க. நான் கஞ்சி வெச்சிக் குடிப்பேன்.” முறை தப்பிக் காய்ச்சல் வந்தது. பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னால் எல்லாம் முடிந்துபோயிற்று. அவள் பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கியபோது வாசலில் செருப்புகள் நிறைந்து கிடந்தன. பிரியாணி மணக்கும் சீலையோடு அவள் மூடிக் கிடந்த மய்யித்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்த மணத்தை அவள் தனக்கு மன்னிக்கவேயில்லை.

அன்றிலிருந்து கைரியா இத்தா இருந்தாள். புருஷன் இறந்த வீட்டை விட்டு நாலு மாதமும் பத்து நாளும் வெளியே போகக் கூடாது, அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. அறை ஒன்று, குசினி ஒன்று. தென்னோலைக் கிடுகுக் கூரை, வரிச்சுக் கட்டி மண் அப்பிய சுவர். நஸீம் தன் கையால் கட்டிய வீடு. குழந்தை இல்லாத வீடு. மர்சூக்கின் மனைவி உம்மு குல்சும் காலையில் வந்து தண்ணீர் அள்ளி வைத்துவிட்டு, கொஞ்சம் பேசிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் கைரியாவும் சுவரும்தான்.

எழுபதாவது நாள் ரோட்டு ஓவசியர் மூன்றாவது தடவையாக வந்தார்.

பஸ் போக வசதியாக ரோட்டை அகலிக்கிற வேலை கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மடவளை வளைவில் ஒரு பெரிய கல். கல்லை ஒட்டி நஸீமின் வீடு. கல்லை உடைக்காமல் வளைவு நிமிராது. ஓவசியர் யாழ்ப்பாணத்து மனிதர், நல்ல மனிதர். குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு முற்றத்தின் ஓரத்தில் நின்றே பேசினார்.

“ஓம், எனக்கு விளங்குது. அந்தப் பிள்ளையின்ர நிலமை விளங்காமலில்லை. ரெண்டு தரம் தவணை வாங்கித் தந்திட்டன். இருவத்தஞ்சாந் திகதி கல்லுக்கு வெடி வைக்கிறம். அதுக்கு மேல என்னால ஒண்டும் செய்யேலாது.”

பள்ளி லெப்பையும் வந்து திரைக்கு வெளியே உட்கார்ந்து சொன்னார். “உசிருக்கு ஆபத்தெண்டா எடம் மாறலாம் மகள். கிதாபுல ஈக்குது. ஒரு குத்தமுமில்ல.”

அவர் போன பிறகு கைரியா தன் நானா மர்சூக்கிடம் சொன்னாள்.

“அவர் தண்ணி கேட்டீப்பாரு. குடுக்க நான் இல்ல. கலியாணச் சோறு தின்டுகொண்டு ஈந்தேன். இனி நாலு மாசமும் பத்து நாளும் அவர் கண்ண மூடின ஊட்ட உட்டுக் கால எடுக்க மாட்டேன் நானா. வெடி வெச்சா வெக்கட்டும்.”

“பைத்தியம் மாதிரிப் பேசாதீங்க தங்கச்சி.”

“நான் எங்க போற? உங்கட ஊட்டுக்கா? மச்சிட தம்பிமார் அஞ்சு பேர் ஈக்கிற ஊடு அது. அங்க எந்த மூலைல நான் மறஞ்சி ஈக்கிற?”

மர்சூக் மனைவி வீட்டில் குடியிருப்பவர். அவருக்கும் அங்கே ஒரு மூலைதான். மெதுவாக அவர் முகம் மாறியதைப் பக்கத்தில் இருந்த உம்மு குல்சும் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். மணிலா வருகிற முகம்.

“ஊட்ட உட்டுத்தானே வர மாட்டீங்க?” என்றார் மர்சூக். “ஊட்டயும் சேத்துத் தூக்கினா?”

*

ஊர் முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம் பளீல் ஹாஜியாரின் கமுகந் தோட்டத்தில் ஒரு துண்டு நிலம் கேட்டதும் கிடைத்தது. அறுவடை முடிந்த வயல், நடுவில் தடையில்லை. நானூறு கெஜம் தூரம்.

ரோட்டு வேலைக்காரர்களின் கங்காணி வீரையா மஹய்யாவைக்காரர். வளைவுக்கு மேலே தகரக் கொட்டகை போட்டு ஆட்களோடு தங்கியிருந்தார். மர்சூக் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டைச் சுற்றிக் காட்டினார். உள்ளே பாயில் உட்கார்ந்து கைரியா கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மொதலாளி, கல்லுன்னா ஒடைப்போம், மரம்னா அறுப்போம். வீடு தூக்கிப் பழக்கமில்லீங்க. இந்த மண்ணுச் செவரு எம்புட்டுப் பாரம் தெரியுங்களா?”

“மண்ணத் தட்டிட்டா?”

“தட்டிட்டா வெறும் எலும்புதான் நிக்கும்.”

“அந்த எலும்பயும் கூரையயும் தூக்குவோம். சுத்திப் பாயக் கட்டுவோம். தங்கச்சி உள்ளுக்கு நடந்து வருவா. ஊடு நகரும், அவவும் நகருவா. இத்தாவும் முறியாது.”

வீரையா பீடி பற்ற வைக்கிற சத்தம் கேட்டது.

“அந்த ஊருல நீங்க எந்தப் பக்கம் தோள் குடுத்தீங்க மொதலாளி? முன்னாலயா, பின்னாலயா?”

“அவங்க பாட்டுப் படிச்சிக்கொண்டே தூக்குவாங்க கங்காணி. ஒருத்தன் கிதார் அடிப்பான். வெளையாட்டு மாதிரி!” என்று மர்சூக் சொன்னார்.

கேட்டதற்கு அது பதிலில்லை என்பது வீரையாவுக்கும் தெரிந்தது, உள்ளே கைரியாவுக்கும் தெரிந்தது.

“சரிங்க. அந்தம்மா உள்ள இருக்கயில வெடி வைக்க எங்களுக்கும் மனசு வரல. ஆளு தாரேன். ஆனா பாதிப் பேரு காய்ச்சல்ல சுருண்டு கெடக்கான். அதப் பாத்துக்கங்க.”

அதற்கும் மர்சூக்கிடம் ஒரு யோசனை இருந்தது. மணிலாக்காரன் இருக்கிறதை வைத்து வேலை முடிப்பவன், இல்லாததை நினைத்து உட்கார மாட்டான் என்று சொல்லிக்கொண்டு, ஒரு கொப்பியும் பென்சிலுமாக வீடு வீடாக ஏறி இறங்கினார். யாருக்கு எந்த நாள் முறை என்று கேட்டு எழுதினார். இருபத்துமூன்றாம் திகதி செவ்வாய்க்கிழமை முறையில்லாதவர்கள் ஊரில் பத்தொன்பது பேர், வீரையாவின் ஆட்களில் பதினொரு பேர். முப்பது தோள். வீடு தூக்கும் நாள் அப்படித்தான் குறிக்கப்பட்டது.

ஞாயிறும் திங்களும் மண்ணைத் தட்டினார்கள். ஒவ்வொரு சுவராகப் பாய் கட்டிக்கொண்டே தட்டினார்கள். நஸீமின் விரல் பதிந்த களிமண் கட்டி கட்டியாக விழுந்தது. மகாவலிக் கரையிலிருந்து மூங்கில் வெட்டி வந்தது. தோளுக்கு ஒரு சாண் கீழே நீட்டுக்கு இரண்டு, குறுக்குக்கு ஆறு என்று தூண்களோடு சேர்த்துக் கயிற்றால் வரிந்து கட்டினார்கள். செவ்வாய் விடியற்காலை ஊர்ப் பெண்கள் வேலியோரம் அடுப்பு மூட்டிப் பலாக்காய்க் கறியும் நெத்தலிப் பொரியலும் தேங்காய்ச் சம்பலும் செய்தார்கள். ஊர்க்காரர்களுக்கு, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற சவன் தட்டு. வீரையாவின் ஆட்களுக்கு வாழை இலை. காய்ச்சல் தின்ற உடம்புகள் அந்தச் சோற்றை ஆவலோடு பிசைந்தன. பலருக்கு அரைவாசிக்கு மேல் இறங்கவில்லை.

மர்சூக் பாயை விலக்கி உள்ளே வந்தார். கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார். முகத்தில் வியர்வை.

“தங்கச்சி, ஒண்டு சொல்லணும்.”

“சொல்லுங்க நானா.”

“நான் அங்க தூக்கல்ல. கடைக்குப் போற வழில குதிரை வண்டில ஈந்து பாத்தேன். ஒரே ஒருதரம். வண்டிக்காரன் நிப்பாட்டினான், கொஞ்ச நேரம் பாத்தேன், பொறகு கடைக்கி நேரமாச்செண்டு போய்ட்டேன். அவங்க எப்பிடி எறக்கினாங்க எண்டு கூட நான் காணல்ல.” அவர் குரல் தாழ்ந்தது. “அவங்கட ஊட்டுக்கு மண்ணுச் சுவர் இல்ல. மூங்கிலும் ஓலையும்தான். தூணக் கல்லுக்கு மேலதான் வெச்சீப்பாங்க. இந்தத் தூண் நெலத்துக்குள்ள நாலடி போகுது. ரா முழுக்க இதே யோசன. ஆனா ஆள் பாத்து எடுத்தீக்கிறேன். எல்லாரும் முறையில்லாத ஆக்கள்.”

முறை தப்பும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஊரில் அதை அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் மர்சூக் அந்த நிமிடமே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஆனால் அனுப்பினால் நாளை மறுநாள் வெடி. அவள் மூங்கிலில் சுற்றியிருந்த கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.

“எல்லாரும் வந்தாச்சி நானா. தூக்கச் சொல்லுங்க” என்றாள்.

*

தூண்கள் வரவில்லை. தோண்டினார்கள், ஆட்டினார்கள், ஒரு தூண் மண்ணுக்குள்ளேயே முறிந்தது. கடைசியில் வீரையா வாளைக் கொண்டுவரச் சொல்லி எல்லாத் தூணையும் தரைமட்டத்தில் அறுத்தார். அதற்குள் நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லியாகிவிட்டது. தொழுதுவிட்டு வந்தபோது ஹுன்னஸ்கிரி மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. சித்திரை மாதத்துப் பின்னேர மழை யாருடைய சொல்லும் கேட்பதில்லை.

“ஒண்ணு… ரெண்டு… தூக்கு!”

வீரையாவின் குரலோடு முப்பது தொண்டைகள் சேர்ந்தன. சில அல்லாஹ்வை அழைத்தன, சில முருகனை. கயிறுகள் கிரீச்சிட்டன. வீடு எழும்பியது.

கைரியா தலைக்கு மேலே கூரை உயர்வதைப் பார்த்தாள். உண்மையாகவே உயர்ந்தது. வெளியே பெண்கள் குரவையிட்டார்கள். மர்சூக், “பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று யாரிடமோ கத்தினார். ஒரு கணம் அவளுக்கும் நெஞ்சு நிறைந்தது. நஸீம் இதைப் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்.

வீடு முன்னால் நகர்ந்தது. அவளும் நடந்தாள். நாலு எட்டு வைத்ததும் திரும்பிப் பார்த்தாள். நஸீம் தலை வைத்துக் கிடந்த இடம், சாணம் மெழுகிய அந்தத் தரை, பின்பாயின் அடியால் மெதுவாக வெளியே போய்க்கொண்டிருந்தது. முதலில் தலைமாடு, பிறகு கால்மாடு. பாய் அதைத் தாண்டி வந்துவிட்டது. அது வெயிலும் மழையும் படுகிற வெறும் நிலமாக வெளியே தங்கிவிட்டது.

அவர் கண்ணை மூடிய இடம் கூரையில்லை. இந்தப் பாயும் இல்லை. அவள் காவல் இருந்தது அந்த ஆறடி மண்ணுக்கு. அதை யாரும் தூக்கவில்லை, யாராலும் தூக்க முடியாது. இது ஏன் இத்தனை நாளாகத் தனக்கு எட்டவில்லை என்று நினைத்தபோது கைரியாவுக்கு அழுகை முட்டியது. நின்று அழவும் வழியில்லை. பின்குறுக்கு மூங்கில் முதுகில் இடித்துத் தள்ளியது. நடக்க வேண்டியிருந்தது.

வயலில் இறங்கினார்கள். பாய்களின் அடியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். முப்பது சோடிக் கால்கள். சதை வற்றி எலும்பாய்ப் போன கணுக்கால்கள், முழங்கால் மட்டும் பெருத்துத் தெரிகிற கால்கள். நெல்லு அறுத்த தாள் குத்த, வரப்பில் தடுக்க, எல்லாம் அவளுக்காக நடந்தன. பாதி வயல் தாண்டியபோது முதல் மழைத்துளிகள் கிடுகில் விழுந்தன. கிடுகு தண்ணீரைக் குடித்துக் கனத்தது.

இடது பக்கத்தில் ஒரு சோடிக் கால் நடுங்கத் தொடங்கியதை முதலில் கண்டவள் அவள்தான். பெருவிரல் மண்ணை இறுக்கிப் பிடித்தது. முழங்கால் படபடவென்று அடித்தது. அது களைப்பு இல்லை. அந்த நடுக்கத்தை அவள் எத்தனையோ நாள் போர்வைக்கு மேலால் அழுத்திப் பிடித்திருக்கிறாள்.

“நானா!” என்று கூப்பிட்டாள். மழையில் கேட்கவில்லை.

அந்தக் கால்கள் மடங்கின. மனிதன் பாயின் அடியால் பாதி உள்ளே வந்து விழுந்தான். கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டான், பார்த்துவிடக் கூடாது என்று. பல் கிட்டித்து நடுங்கும்போதும் கையை எடுக்கவில்லை. வீடு இடப்பக்கம் சரிந்தது. அந்தப் பக்கத்துக் கால்கள் எல்லாம் சேற்றில் புதைந்தன.

“உட்றாதீங்கடா! உள்ள பொம்பள இருக்கு!” என்று வீரையா அலறினார். “கீழ எறக்குவோம்னாலும் ஒரு பக்கமா மடங்குது. உட்டா அந்தம்மா மேல கூர விழும். புடிங்க!”

“உடாதீங்க! உடாதீங்க!” மர்சூக்கின் குரல் முன்னாலிருந்து வந்தது. வேறு எதுவும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் விடவில்லை. அதுதான் கொடுமை. இன்னொரு முழங்கால் சேற்றில் குத்திட்டது. யாரோ ஒருவர் சாவு கண்டவர் போலச் சத்தமாக ஷஹாதத் கலிமா சொல்லத் தொடங்கினார். கயிறு ஒன்று அறுந்தது. அவள் உள்ளே இருக்கிறவரை இந்த மனிதர்கள் பிடித்துக்கொண்டே செத்துப்போவார்கள் என்று கைரியாவுக்குப் பட்டது.

விழுந்து கிடந்தவனின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தாள். இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு பாயைக் கிழித்து வெளியே வந்தாள். மழை முகத்தில் அடித்தது. எழுபத்தெட்டு நாளாகச் சுவருக்கு வெளியே போகாத குரல் வயல் முழுக்கக் கேட்டது.

“உடுங்க! நான் வெளிய வந்துட்டேன்! உட்டுடுங்க!”

விட்டார்கள். வீடு பெரிய சத்தம் ஒன்றும் போடவில்லை. தூண்கள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. கூரை உட்கார்ந்தது, பிறகு பிளந்தது. அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. இத்தாவில் இருக்கிற பெண் தங்கள் நடுவில் நிற்கிறாள். ஊர்க்காரர்கள் ஒரே நேரத்தில் முதுகைக் காட்டித் திரும்பினார்கள். வீரையா அதைப் பார்த்துவிட்டுத் தன் ஆட்களுக்கும் கை காட்டினார். அவர்களும் திரும்பினார்கள். தோள்களில் மூங்கில் உரித்த தோலிலிருந்து இரத்தம் மழையோடு இறங்கி முதுகுகளில் வழிந்தது. இழுத்துப் போட்டவன் சேற்றில் கிடந்து நடுங்கினான். அவன் கை இன்னும் கண்ணிலேயே இருந்தது. அவளைப் பார்க்க உரிமையுள்ள ஒரே ஆள் மர்சூக். அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி விழுந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மகள்” என்றார் லெப்பை, திரும்பாமலே. “குத்தமில்ல. நீங்க போங்க மகள். ஆக்கள் மழைல நனையிறாங்க.”

அவள் போனால்தான் அவர்கள் திரும்ப முடியும். திரும்பினால்தான் விழுந்தவனைத் தூக்க முடியும். கைரியாவுக்கு அது நன்றாக விளங்கியது. ஒரு பக்கம் வெடிக்குக் காத்திருக்கிற கல். மறுபக்கம் கமுகு மரங்களுக்கு நடுவே காலியான ஒரு துண்டு நிலம்.

“நான் எங்க போற?” என்று கேட்டாள்.

யாரும் திரும்பவில்லை. மழை விடாமல் பெய்தது.